புது டயர் மாட்டியும் கார் ஒரு பக்கம் இழுக்குதா? 1887-ல் ஒரு கால்நடை டாக்டர் செய்த சோதனையில் இருக்கு பதில்! யார் இந்த டன்லப்?

நாலு டயரையும் மாத்தியாச்சு. பில் தொகையைப் பார்த்து மனசு கனத்தாலும், இனி சில வருஷத்துக்குக் கவலை இல்லை என்ற நிம்மதியோடு பைபாஸில் ஏறுகிறீர்கள். வேகம் 60, 70 என்று ஏறும்போது ஸ்டீயரிங்கில் பிடி லேசாகத் தளர்ந்ததும், கார் தானாகவே ஒரு பக்கமாக ஒதுங்க ஆரம்பிக்கிறது. பழைய டயரில் இல்லாத தொல்லை, புது டயர் போட்டதும் எப்படி வந்தது?

டயர் கடைக்குத் திரும்பிப் போனால், அலைன்மென்ட் பார்த்துவிடலாம் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். சரி, காசு கட்டி அதையும் பார்த்தாச்சு. அப்பவும் இழுத்தா? கடைக்காரர் மெக்கானிக்கைக் கைகாட்டுவார், மெக்கானிக் கடைக்காரரைக் கைகாட்டுவார். வண்டிக்குச் சொந்தக்காரர் நடுவில் பர்ஸைத் திறந்தபடி நிற்பார்.

குறை டயரிலா, வண்டியிலா? இதைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ரெண்டு சக்கரத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தால் போதும். 1887-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் ஒருவர் அதைத்தான் செய்தார். அவர் இன்ஜினியர் இல்லை. கார் கம்பெனிக்காரரும் இல்லை. குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தவர். பெயர் ஜான் பாய்ட் டன்லப்.

ஆமாம், டயரில் எழுதியிருக்கிற அதே டன்லப்தான்!

குதிரைகளோடு ஓடிய பாதி வாழ்க்கை

ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் இருக்கும் டிரெகார்ன் என்ற ஊரில், 1840 பிப்ரவரி 5-ம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டன்லப். ரெண்டு மாதம் முன்னதாகவே, குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்ததாலோ என்னவோ, உடம்புக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் கடைசி வரை அவரை விடவில்லை. அப்படிப் பயந்தவர் 81 வயது வரை இருந்தார் என்பது வேறு விஷயம்.

எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து, 19 வயதிலேயே தொழிலுக்குத் தகுதி பெற்றுவிட்டார். சில வருஷம் சொந்த மண்ணில் வேலை பார்த்த பிறகு, 1867-ல் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனார். முதலில் டௌன்பேட்ரிக் என்ற ஊரில் சகோதரர் ஜேம்ஸுடன் சேர்ந்து மருத்துவமனை நடத்தினார். பிறகு பெல்ஃபாஸ்ட்டுக்கு மாறினார். 1880-களின் நடுவில், மே ஸ்ட்ரீட்டில் இருந்த அவருடைய கால்நடை மருத்துவமனை அயர்லாந்திலேயே பெரிய மருத்துவமனைகளில் ஒன்றாக வளர்ந்திருந்தது. அன்றைக்கு ஊரே குதிரையில்தான் ஓடியது என்பதால் வருமானத்துக்குக் குறைவில்லை.

அதாவது, 47 வயது வரை டயருக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. கல்யாணம், ஒரு மகள், ஒரு மகன், நல்ல தொழில் என்று செட்டிலான வாழ்க்கை. கதை மாறியது மகன் ஜானியால்தான்.

முற்றத்தில் உருண்ட ரெண்டு சக்கரம்

ஜானியிடம் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து சக்கரங்களில் ஒன்று வெறும் இரும்பு வளையம் இருக்கும், இல்லாவிட்டால் கெட்டி ரப்பர் ஒட்டியிருக்கும். உள்ளே காத்து என்ற பேச்சே இல்லை. பெல்ஃபாஸ்ட் தெருக்களோ கருங்கல் பதித்தவை, அதன் நடுவில் டிராம் தண்டவாளம் வேறு. பையன் சைக்கிளில் ஏறினால் எலும்பெல்லாம் குலுங்கும்.

கால்நடை வைத்தியத்தில் டன்லப்புக்கு ரப்பரைக் கையாண்ட பழக்கம் இருந்தது. மெல்லிய ரப்பர் ஷீட்டில் ஒரு டியூப் செய்தார். சுமார் 96 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டமான மரப்பலகையின் விளிம்பில் அந்த டியூபைச் சுற்றி, மேலே துணியை இழுத்துப் போர்த்தி இறுக்கினார். பையனின் கால்பந்துக்குக் காத்தடிக்கும் பம்பாலேயே அதை நிரப்பினார் என்று சொல்வார்கள்.

பிறகு செய்ததுதான் முக்கியம். சைக்கிளில் இருந்து கழற்றிய பழைய சக்கரத்தையும், காத்து நிரப்பிய புது சக்கரத்தையும் முற்றத்தில் ஒரே பக்கமாக உருட்டிவிட்டார். பழையது கொஞ்ச தூரத்தில் வேகம் குறைந்து சாய்ந்துவிட்டது. புதுசு முற்றம் முழுவதையும் கடந்து, வாசல் தூணில் மோதி எகிறித் திரும்பியது.

1887 அக்டோபரில் நடந்த சம்பவம் இது.

கறாராகப் பார்த்தால் அந்தச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. ஒன்று மரச் சக்கரம், இன்னொன்று உலோகச் சக்கரம். எடையும் வேறு, அளவும் வேறு. வித்தியாசம் காத்தால் வந்ததா, மரத்தால் வந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் அந்த நிமிஷத்தில் பதில் இருந்திருக்காது. ஆனால் டன்லப் அதோடு நிறுத்தவில்லை. அடுத்து, ஜானியின் சைக்கிளில் பின் சக்கரங்கள் ரெண்டிலும் காத்து டயரைப் பொருத்தினார். வண்டி அதே, ஓட்டுற பையன் அதே, தெரு அதே. டயர் மட்டும்தான் வேற. வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது.

ரெண்டிலும் என்பதைக் கவனியுங்கள். ஒரு பின் சக்கரத்தில் காத்து டயரும், மறுபக்கத்தில் பழைய கெட்டிச் சக்கரமும் இருந்திருந்தால், ஒரு பக்கம் சுலபமாக உருள, மறுபக்கம் பின்தங்க, சைக்கிள் கோணலாகத் திரும்பப் பார்த்திருக்கும். இன்றைக்கும் கார் டயரை ஒற்றையாக மாத்தாதீங்க, ஒரே ஆக்ஸிலில் இருக்கும் ரெண்டையும் ஜோடியாக மாத்துங்க என்று சொல்வதன் காரணமும் இதுதான். முன் பக்கம் இடதில் ஒரு பிராண்ட், வலதில் தேய்ந்துபோன இன்னொரு பிராண்ட் என்று இருந்தால், ரெண்டும் உருளும் விதமே வேறு. கார் இழுக்கத்தான் செய்யும்.

அதே சோதனை, இப்போ உங்க காரில்

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பைபாஸில் நிற்கும் காருக்கு வருவோம். டன்லப் செய்ததைத்தான் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கணும்.

அதற்கு முன்னாடி காத்து. புது டயர் மாட்டும்போது அவசரத்தில் ஒன்றில் கூடவும் இன்னொன்றில் குறைவாகவும் காத்தடித்து அனுப்புவது சர்வ சாதாரணம். காத்து குறைந்த டயர் தரையில் அதிகமாக அமுங்கும், உருள்வதற்குக் கஷ்டப்படும், காரைத் தன் பக்கமே இழுக்கும். வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நாலையும் சரிசெய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அளவு அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதை வைத்துக் காத்தடிக்கக் கூடாது. நிறைய பேர் பிரச்னை இந்த ஒரு ஸ்டெப்பிலேயே முடிந்துவிடும், பைசா செலவில்லாமல்.

அடுத்து ரோடு. மழைத் தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் நடுவை உயர்த்தி, ஓரங்களைச் சரித்துத்தான் போடுகிறார்கள். நம்ம ஊரில் இடது பக்கம் ஓட்டுவதால், நல்ல கார்கூட லேசாக இடது பக்கம் ஒதுங்கும். அது நோய் இல்லை. சமதளமான, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், மிதமான வேகத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஹைவேயில் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு டெஸ்ட் பண்ணும் வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். கை ஸ்டீயரிங்கிலேயே இருக்கட்டும். எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை உள்ளங்கையே சொல்லிவிடும்.

காத்தும் சரி, ரோடும் சரி, இன்னும் இழுக்குதா? இப்போதுதான் டன்லப்பின் முற்றம். முன்பக்க இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ரிம்மோடு கழற்றி இடம் மாற்றச் சொல்லுங்கள். வேறு எதையும் தொடக் கூடாது. அதே ரோட்டில் மறுபடி ஓட்டுங்கள்.

இதுவரை இடது பக்கம் இழுத்த கார் இப்போது வலது பக்கம் இழுத்தால், குறை டயரில்தான். வண்டியில் இல்லை. இழுப்பு காணாமலே போய்விட்டாலும் சந்தேகம் டயர் மேல்தான் விழும். இடம் மாற்றியும் அதே இடது பக்கமே இழுத்தால், முன் டயர்களை விட்டுவிட்டு அலைன்மென்ட், பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் போகலாம். அரை மணி நேர வேலை. ஆனால் கடைக்காரரும் மெக்கானிக்கும் மாறி மாறிக் கைகாட்டும் படலம் இதோடு முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில டயர்களில் சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அவற்றை இடம் வலம் மாற்றினால் தலைகீழாகச் சுற்றும், மழையில் பிடிமானம் குறையும். அந்த வகை டயர் என்றால், ஒரே பக்கத்தின் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் மாற்றிப் பார்த்தால் போதும்.

சிரித்த கூட்டம், ஜெயித்த டயர்

மறுபடி பெல்ஃபாஸ்ட். சிறுவர் சைக்கிளில் இருந்து பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளுக்குப் போனார் டன்லப். செரிவேல் என்ற விளையாட்டு மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். 1888 டிசம்பர் 7-ம் தேதி காப்புரிமையும் கிடைத்துவிட்டது.

காப்புரிமை கிடைத்தால் ஆச்சா? அந்தக் குண்டு டயரைப் பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். சைக்கிள் சக்கரம் என்றால் ஒல்லியாக இருக்கணும், இது என்ன குழம்பில் ஊறிய வடை மாதிரி என்பதுதான் அன்றைய பொது அபிப்பிராயம்.

அந்தச் சிரிப்பை நிறுத்தியவர் வில்லி ஹியூம். பெல்ஃபாஸ்ட் க்ரூஸர்ஸ் என்ற சைக்கிள் கிளப்பின் கேப்டன். காத்து டயர் போட்ட சைக்கிளை முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய பொதுஜனம் அவர்தான். அதிலேயே பந்தயத்தில் ஓட்டிப் பாருங்களேன் என்று யோசனை கொடுத்தது டன்லப். 1889 மே 18-ம் தேதி, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் காலேஜ் விளையாட்டுப் போட்டிகளில் ஹியூம் கலந்துகொண்ட நாலு சைக்கிள் பந்தயத்திலும் அவரே முதலிடம். கொஞ்ச நாளில் இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போய், அங்கேயும் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அள்ளினார்.

தோற்றவர்களில் ஒரு பணக்கார வியாபாரியின் மகன்களும் இருந்தார்கள். அந்த அப்பாவின் பெயர் ஹார்வி டு க்ரோ. அயர்லாந்து சைக்கிள் சங்கத்தின் தலைவர். தன் பிள்ளைகள் தோற்றதற்குக் கோபப்படாமல், அவர்களைத் தோற்கடித்த டயரை விலைக்கு வாங்குவது எப்படி என்று யோசித்த மனுஷர். டன்லப் தன் காப்புரிமையை அவரிடம் ஒப்படைத்தார். பதிலுக்கு, டப்ளினில் புதிதாகத் தொடங்கிய கம்பெனியில் 1,500 பங்குகள் கிடைத்தன.

இங்கேதான் ட்விஸ்ட்!

ரெண்டே வருஷத்தில் அந்தக் காப்புரிமை செல்லாது என்று டன்லப்புக்குத் தகவல் வந்தது. காரணம், அவருக்கு 40 வருஷத்துக்கு மேல் முந்தியே வேறொருவர் இதைக் கண்டுபிடித்துப் பதிவும் செய்திருந்தார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். ராபர்ட் வில்லியம் தாம்சன். 1845-ல் காத்து நிரப்பிய சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியபோது தாம்சனுக்கு வயது 23. லண்டனில் குதிரை வண்டிகளில் பொருத்தி ஓட்டிக்கூடக் காட்டியிருக்கிறார். ஆனால் அப்போது சைக்கிள் மோகமும் இல்லை, காரும் இல்லை. செலவும் அதிகம். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1873-ல் தாம்சன் இறந்தபோது அவருடைய டயரையும் உலகம் சேர்த்தே மறந்துவிட்டிருந்தது.

டன்லப் அதைப் பார்த்துக் காப்பியடித்தார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. தாம்சனைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் காப்புரிமைச் சட்டத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. முதலில் வந்தவர் யார் என்பதே கேள்வி.

கம்பெனி அப்போதே மூழ்கியிருக்க வேண்டியது. காப்பாற்றியது டு க்ரோவின் வியாபார மூளை. டயரை ரிம்மோடு நிரந்தரமாக ஒட்டிவிடாமல், கழற்றி மாட்டும் வசதியோடு செய்யும் முறைகளை வெல்ச், பார்ட்லெட் என்ற இருவர் தனித்தனியாகப் பதிவு செய்திருந்தார்கள். அந்த உரிமைகளை விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டார் அவர். இன்றைக்கு பங்சர் கடையில் டயரின் விளிம்பை லிவர் போட்டு நெம்பிக் கழற்றுகிறார்களே, அந்த விளிம்புக்குள் கம்பி வளையம் வைக்கும் யோசனை வெல்ச்சினுடையது. கண்டுபிடித்தவர் வேற, பேர் போனவர் வேற, காசு பார்த்தவர் வேற. டயரின் கதை முழுக்க இப்படித்தான்.

மின்னல் மாதிரி ஓடிய கார்

இவ்வளவும் சைக்கிளுக்கு நடந்தது. காருக்குக் காத்து டயர் போடும் துணிச்சல் பிரான்ஸில் இருந்து வந்தது. 1895-ல் நடந்த பாரிஸ் - போர்டோ - பாரிஸ் பந்தயத்தில், மிஷெலின் சகோதரர்கள் ஆந்த்ரேவும் எதுவார்டும் காத்து டயர் பொருத்திய காரில் கிளம்பினார்கள். வழியெல்லாம் பங்சர். டியூபை மாத்தி மாத்தியே பந்தயத்தை முடித்தார்கள். அந்தக் காருக்கு அவர்கள் வைத்த பெயர் எக்லேர். பிரெஞ்சில் மின்னல் என்று அர்த்தம். வேகத்துக்காக வைத்த பெயர் இல்லையாம். நேராகப் போகாமல் மின்னல் வெட்டுவது போல இங்கேயும் அங்கேயும் இழுத்ததால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு.

ஆக, ஒரு பக்கம் இழுக்கிற தொல்லை காத்து டயர் காருக்கு வந்த நாளிலேயே கூட வந்துவிட்டது.

புது டயரே ஏன் இழுக்கிறது?

டன்லப் டயரைக் கையால் செய்தார். ரப்பர், துணி என்று அடுக்கடுக்காகச் சுற்றினார். இன்றைக்கு மெஷின் செய்கிறது, ஆனால் அடிப்படை அதே அடுக்குதான். ரேடியல் டயருக்குள் நூல் அடுக்குகளும், அவற்றின் மேல் எஃகுக் கம்பி பெல்ட்டுகளும் இருக்கும். அந்த பெல்ட் நட்டநடுவில் உட்காராமல் துளி ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்துவிட்டால், காத்தடித்ததும் டயரின் ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தைவிடக் கொஞ்சம் உப்பும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ரோட்டுக்குத் தெரியும்.

வீட்டில் ஒரு காபி டம்ளரைப் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது. வாய் பெரிசு, அடி சிறிசு என்பதால் அடிப்பக்கமாக வளைந்து வட்டம் போடும். பெல்ட் தள்ளிய டயரும் அப்படித்தான் உருளப் பார்க்கும். டயர் தொழிலில் இதற்கு கோனிசிட்டி என்று பெயர். அலைன்மென்ட் மெஷினில் ஆயிரம் தடவை ஏற்றினாலும் இது தெரியாது. ஏனென்றால் அந்த மெஷின் அளப்பது சக்கரம் நிற்கும் கோணத்தை. டயருக்குள் என்ன இருக்கிறது என்பதை இல்லை. இடம் வலம் மாற்றியதும் இழுப்பு திசை மாறுவது இதனால்தான். டம்ளரின் அடிப்பக்கம் இப்போது எதிர்த் திசையைப் பார்க்கிறது.

அப்படி ஒரு டயர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? குறை லேசானது என்றால் அந்த டயரைப் பின்னால் போட்டுவிடலாம். ஸ்டீயரிங் முன் சக்கரங்களோடுதான் இணைந்திருக்கிறது என்பதால், பின்னால் போனதும் பெரும்பாலும் இழுப்பு தெரியாது. பலமாக இழுக்கும் டயர் என்றால் பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக் கேட்கலாம். இடம் மாற்றிப் பார்த்தபோது இழுப்பும் திசை மாறியது என்று சொன்னால், விஷயம் தெரிந்த கடைக்காரர் மறுபேச்சு பேச மாட்டார். நாளைக் கடத்தாமல் கேட்பது நல்லது. டயர் தேய்ந்த பிறகு வாதாட முடியாது.

டயரில் குறை இல்லை என்று தெரிந்தால் அலைன்மென்ட். ஆனால் புது டயர் மாட்டின அன்னைக்கே அலைன்மென்ட் எப்படிக் கெட்டுப்போகும் என்ற கேள்வி வரும். கெட்டது அன்றைக்கு இல்லை. பல நாளாகவே கெட்டிருக்கும். பழைய டயர்கள் அந்தக் கோணலுக்கு ஏற்ற மாதிரி ஓரம் ஓரமாகத் தேய்ந்து, பழக்கப்பட்ட செருப்பு மாதிரி ஆகியிருக்கும். முழு பட்டனோடு புது டயர் வந்ததும் குட்டு உடைந்துவிடுகிறது. கழற்றிய பழைய டயர்களைக் கடையிலேயே ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் வழித்தெடுத்தது போல் தேய்ந்திருந்தால், அலைன்மென்ட் பார்க்காமல் புது டயரை ஓட்டக் கூடாது.

அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் மூன்று பெயர் இருக்கும். சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்வது கேம்பர். ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன்னே பின்னே சாய்ந்திருப்பது கேஸ்டர், சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிற மாதிரி. கால் பெருவிரல்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருப்பது போல் சக்கரங்கள் நிற்பது டோ. கார் ஒரு பக்கம் இழுப்பதற்கு முதல் ரெண்டிலும் இடது வலது வித்தியாசம் இருப்பதுதான் வழக்கமான காரணம். முன் சக்கர டோ தவறாக இருந்தால் டயர் வேகமாகத் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், ஆனால் பெரிதாக இழுக்காது. டோவை மட்டும் சரிசெய்துவிட்டு அலைன்மென்ட் முடிந்தது என்று அனுப்பும் கடைகளும் உண்டு. ரிப்போர்ட்டில் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீல் பேலன்சிங்கையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பேலன்சிங் கெட்டால் ஸ்டீயரிங் ஆடும், நடுங்கும். இழுக்காது.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தாலோ, கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் இருந்து மட்டும் சூடும் கருகல் வாடையும் வந்தாலோ, அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். டயர் மாற்றிய அன்றே இது தெரிய வந்தாலும் டயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரிம்மைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் வெந்துவிடும். இதை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. நேராக மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

பெயர் மட்டும் மிஞ்சியது

டன்லப் கால்நடை மருத்துவத்தை விட்டுவிட்டு 1892-ல் டப்ளினுக்குக் குடிபோனார். ஆனால் கம்பெனியில் முடிவெடுக்கும் இடத்தில் டு க்ரோ இருந்தார். டன்லப்புக்கு அங்கே பெரிய வேலை இல்லை. 1895-ல் முழுவதுமாக விலகிக்கொண்டார்.

அடுத்த வருஷமே என்ன நடந்தது தெரியுமா? 1896-ல் டெரா ஹூலி என்ற பங்குச் சந்தைப் புள்ளி அந்த கம்பெனியை 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, கொஞ்ச நாளிலேயே 50 லட்சம் பவுண்டுக்குப் பொதுமக்களிடம் பங்குகளாக விற்றார். அந்தக் காலத்தில் அது கற்பனைக்கு எட்டாத தொகை. முற்றத்தில் சக்கரம் உருட்டியவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

டன்லப் ஏழையாகிவிடவில்லை. டப்ளினில் ஜவுளி வியாபாரத்தில் இறங்கி வசதியாகவே இருந்தார். அவரைக் கடைசிக் காலத்தில் வதைத்தது பணம் இல்லை, அவருடைய முகம். தன் உருவத்தைப் பயன்படுத்திக்கொள்ள கம்பெனிக்கு அவர் முன்பே அனுமதி கொடுத்திருந்தார். கம்பெனியோ விளம்பரத்தில் அவருடைய தாடி வைத்த தலையை ஒரு மைனர் மாப்பிள்ளையின் உடம்பில் ஒட்டவைத்தது. நெட்டையான உருவம், மிடுக்கான உடை, கையில் பிரம்பு. வாழ்நாள் முழுக்க அடக்கமாக இருந்த மனுஷரை ஊரே பார்த்துச் சிரிக்கும் கோலத்தில் நிறுத்திவிட்டார்கள்.

80 வயதில் தன் பெயரைத் தாங்கிய கம்பெனிமீதே வழக்குப் போட்டார் டன்லப். பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை வரை போனது அந்த வழக்கு. அதிலும் ஒரு பக்கம் டன்லப், இன்னொரு பக்கம் டன்லப் ரப்பர் கம்பெனி. பெயரைப் படித்தாலே தலை சுற்றும்.

1921 அக்டோபர் 23-ம் தேதி டப்ளினில் தன் வீட்டில் காலமானார். அந்த ஊரின் டீன்ஸ்கிரேஞ்ச் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். காத்து டயரின் வரலாற்றைத் தன் தரப்பில் இருந்து எழுதி வைத்திருந்தார். அது அவர் இறந்த பிறகுதான் புத்தகமாக வந்தது.

பிற்பாடு வடக்கு அயர்லாந்தில் ஒரு வங்கி வெளியிட்ட 10 பவுண்ட் நோட்டில் அவருடைய படம் இடம்பிடித்தது. மைனர் கோலம் இல்லை, அவருடைய சொந்தத் தாடி முகமே. சென்னை அம்பத்தூரில் தொழிற்சாலை, கொல்கத்தாவில் ஒரு நாற்சந்தி என்று அவர் கால் வைக்காத இந்தியாவிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கொல்கத்தாவில் இன்றைக்கும் பஸ் கண்டக்டரிடம் டன்லப் என்று டிக்கெட் கேட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.